அடுத்த அமாவாசைக்கு ஒரு மரு

எனக்கு எட்டு வயது நடந்தபோது, என்னிடம் இருந்த சொத்துகளிலேயே உயர்ந்தது வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே முளைத்திருந்த ஒரு மரு. மிளகு அளவுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று என் பக்கத்தில் உட்கார மறுத்த ஒருத்தியும் உண்டு. நான் அதற்கெல்லாம் அசரவில்லை. மரு இருந்தால் திருவள்ளூர் உண்டு, மரு இல்லையென்றால் திருவள்ளூர் இல்லை. என் கணக்கு அவ்வளவு சுலபமானது.

திருவள்ளூர்ப் பெருமாள் வைத்தியம் பார்க்கிற பெருமாள். உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டி, குளத்து நீரில் ஒரு துண்டு வெல்லம் கரைத்தால், அது கரைவதுபோல மருவும் கரைந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "பாப்பாவுக்குக் கையில மரு. வேண்டிக்கினு இருக்கேன், தை அமாவாசைக்குப் போவணும்" என்று அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய வருடங்களில் வேண்டுதல் வேறாக இருந்தது. ஒரு வருடம் என் காலில் சொறி. இன்னொரு வருடம் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு தை மாதமும் எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒன்று வந்துவிடும். காலண்டர் பார்த்துக்கொண்டுதான் எங்களுக்கு உடம்பு கெடும்.

நாங்கள் கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எட்டு வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்தோம். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். மளிகைக் கடையில் கொடுக்கும் தினக்காலண்டர் ஜனவரி முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்ததும், ஆணியில் மாட்டுவதற்கு முன்னாலேயே நைனா தை அமாவாசைத் தாளைத் தேடிப் பிடித்து அதன் ஓரத்தை மடித்துவைப்பார். பொங்கலுக்கு மடிக்க மாட்டார். என் பிறந்த நாளுக்கும் மடிக்க மாட்டார். பிறகு விரல் விட்டு வாரங்களை எண்ணி, அன்றைக்குத் தனக்கு என்ன ஷிப்டு என்று பார்ப்பார். எப்படி எண்ணினாலும் அன்று அவருக்கு வேலை வந்து நிற்கும். "லீவு குடுக்க மாட்டான்மா. நீயும் பாப்பாவும் போய்ட்டு வாங்க" என்பார். ஒரு வருடம்கூட அவர் எங்களோடு வந்ததில்லை. மில்காரர்கள் மேல் எனக்கு அதனால் தீராத கோபம் இருந்தது.

அம்மாவுக்கும் எனக்கும் இந்தப் பயண விஷயத்தில் ஒரு தகராறு உண்டு. திருவள்ளூரில் தை மாதம் பத்து நாள் உற்சவம். ஒரு நாள் பெருமாள் கருடன் மேல் வருவார், ஒரு நாள் தேர் ஓடும், அமாவாசை சாயங்காலம் தெப்பம் விடுவார்கள். இத்தனை இருக்கும்போது, அம்மா அமாவாசையன்று காலையில், அதுவும் எட்டு மணிக்கெல்லாம் குளக்கரையில் நிற்க வேண்டும் என்பாள். அந்த நேரத்தில் ராட்டினக்காரன் பல்கூடத் துலக்கியிருக்க மாட்டான். தெப்பம் பார்ப்பதற்குள் பகல் ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது மாதிரி இருக்கும் எனக்கு.

ஆகவே அந்த வருடம் நானே ஒரு திட்டம் தயாரித்தேன். சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். தேர் நாளன்று போவது. பத்து மணிக்கு ராட்டினம், இரண்டு தடவை. பதினொன்றுக்குப் பெரிய அப்பளம், மேலே மிளகாய்ப் பொடி தூவியது. பன்னிரண்டுக்குத் தேர். ஒரு மணிக்கு மறுபடியும் ராட்டினம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதை முழுவதும் படித்தாள்.

"எல்லாம் சரிதான். இதுல சாமி எங்கடி?"

"தேர்ல இருப்பாரும்மா."

அம்மா சிரித்தாள். ஆனால் தேதி மாறவில்லை.

தேதி ஏன் மாறவில்லை என்பது பெரியவளான பிறகு துண்டுதுண்டாக எனக்குத் தெரியவந்தது. இங்கேயே அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்த ஊர் திருவள்ளூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். அங்கே நாங்கள் போனதே இல்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. சில பேருக்கு ஊட்டி தூரம், எங்களுக்கு அந்த ஊர் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் வீட்டாருக்கு அங்கே நெல் விளையும் நிலம் இருந்தது. நைனாவின் வீட்டார் பழவேற்காடு ஏரியில் மீனும் இறாலும் பிடிக்கிறவர்கள். அம்மா கம்பெனி வேனில் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்துபோன காலத்தில் இருவரும் பழகி, யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்கு மகளே கிடையாது என்று தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். கல்யாணமான முதல் தீபாவளிக்கு அம்மா அந்த அண்ணனுக்கு ஒரு சட்டை வாங்கி ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள். பிரிக்காமலே திரும்பி வந்தது. வீணாகக் கூடாது என்று நைனா அதைப் போட்டுக்கொண்டார். தோளில் பிடிக்கும். கையைத் தூக்கினால் தையல் விடும். அவர் அதைப் பல வருடம் விடாமல் போட்டார்.

தாத்தா தை அமாவாசை தவறாமல் திருவள்ளூர்க் குளக்கரைக்கு வந்து, செத்துப்போன தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். மாமாவும் கூட வருவார். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் எள் இறைக்கக் கூடாது என்பதால், மாமா தாத்தாவுக்குப் பின்னால் படியில் நின்றுகொண்டு அவருடைய சட்டையைக் கையில் பிடித்திருப்பார். அம்மா குளத்துக்கு மேலே, தெரு ஓரப் பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று, இவர்கள் இருவரையும் பார்ப்பாள். கிட்டே போக மாட்டாள். பேச மாட்டாள். தாத்தா எழுந்து, சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு படியேறிப் போகும்வரை, மிஞ்சினால் அரை மணி நேரம். வருடத்தில் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மடித்த தாள், வேண்டுதல், மரு எல்லாமே.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பூக்கடையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கும், கால் வலிக்கும்.

அதற்கு முந்தைய வருடம் நாங்கள் போகவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிற வீட்டிலிருந்து யாரும் வெளியூர் போகக் கூடாது. மடித்துவைத்த தாளை அம்மா அன்று கிழிக்கவில்லை, மறுநாளும் கிழிக்கவில்லை. மூன்றாம் நாள் நைனாதான் மூன்று தாளையும் சேர்த்துக் கிழித்தார். அதனாலேயே இந்த வருடம் அம்மா மார்கழியிலிருந்தே தயாராகத் தொடங்கிவிட்டாள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை வாங்கினாள். எனக்கு ஒரு கவுன் தைத்தாள். அதைப் போட்டுவிட்டு, ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்து, "நல்லா சாப்புடுற புள்ளயாட்டம் நில்லு" என்றாள்.

"மருவுக்கு எதுக்கும்மா புதுப் பொடவ?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு திரும்பு" என்று பின்பக்கத் தையலைப் பார்த்தாள்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள், குளிக்கும்போது சோப்போடு சேர்ந்து மரு கையோடு வந்துவிட்டது.

நான் அதைத் தண்ணீர்ப் போக்கில் தேடினேன். கிடைக்கவில்லை. இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் இருந்தது. மரு போனால் வேண்டுதல் போகும், வேண்டுதல் போனால் பயணம் போகும். அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது. அழுதுகொண்டே துடைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் தொழிற்பேட்டைப் பிள்ளை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், மதில் ஓரமாக ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் பட்டையில் பிசின் வடிந்து கண்ணாடி மணிபோல நிற்கும். தண்ணீர் டிரம்மின் மூடியில் தினமும் காலையில் கரிபோல மெல்லிய தூசி படிந்திருக்கும். இரவெல்லாம் மில்கள் ஓடும் ஊரில் அது எல்லார் வீட்டு டிரம்மிலும் படிவதுதான். பிசினை எச்சில் தொட்டுக் குழைத்து, தூசியைச் சேர்த்து உருட்டி, பழைய இடத்தில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஊதினால் காய்ந்துவிடும். அசல் மருவைவிட அழகாகவே இருந்தது. நான் முதன்முதலில் உற்பத்தி செய்த பொருள் அதுதான்.

அதில் ஒரே ஒரு பேஜாரு, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பத்து நாளும் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடியே குளித்தேன். "இன்னாடி இது, டிராபிக் போலீசு மாதிரி?" என்றாள் அம்மா. ஆனாலும் சோறு பிசையும்போது ஒரு மரு போய்விடும், பல் துலக்கும்போது ஒன்று போகும். தினமும் புதிது வைக்க வேண்டியிருந்தது. அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அமாவாசையன்று நைனா எங்களை விடியற்காலை முதல் ரயிலுக்கு ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். நாஷ்டாவுக்கு இட்லிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அம்மாவின் சேலையைப் பார்த்து, "நல்லாருக்குது" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். ரயில் நகரும்போது அவர் என்னைப் பார்த்து, "அம்மாவ பாத்துக்கோ" என்றார். வழக்கமாக எல்லோரும் அம்மாவிடம் அல்லவா என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்? நைனாவுக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் ரயிலுக்கு மாறினோம். திருநின்றவூரிலும் வேப்பம்பட்டிலும் கூட்டம் ஏறஏற, ரயிலே குளக்கரை மாதிரி ஆகிவிட்டது. எள் பொட்டலம், தர்ப்பைக் கட்டு, பால் சொம்பு, சளி பிடித்த குழந்தைகள். நான் மருவை மட்டும் கவனித்துக்கொண்டேன். யாரோ ஒரு பெரியம்மாவின் ஈரக் கூந்தல் என் கைமேல் விழப் பார்த்தது. நல்ல வேளை, கையை இழுத்துக்கொண்டேன்.

எட்டு அடிப்பதற்குள் பூக்கடைக்குப் போய்விட்டோம். கடைக்காரம்மாவுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. "போன வருசம் காணமே" என்றாள். அம்மா வழக்கம்போல இரண்டு முழம் வாங்கி, ஒரு முழத்தை எனக்கு வைத்துவிட்டாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, குளத்துப் பக்கம் திரும்பினாள். படியெங்கும் தலைகளாக இருந்தது. வரிசை வரிசையாக ஆண்கள் வெற்று மார்போடு உட்கார்ந்திருக்க, முன்னால் ஐயர்கள் வேகவேகமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண் வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே இல்லை. வலது பக்கம் போயிற்று. திரும்பி வந்தது. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. மருவுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று நான் கட்டைவிரலை மட்டும் மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் பார்த்துவிட்டாள்.

நானும் அந்தத் திசையில் பார்த்தேன். எப்போதும் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உயரமான ஆள், அன்று நிற்கவில்லை. ஐயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கு வழியாக எள்ளும் தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு சட்டை நாலாக மடித்துப் படியில் கிடந்தது. அதன் மேல், காற்றில் பறக்காமல் இருக்க, ஒரு தேங்காய் மூடி வைத்திருந்தது.

அம்மா என் கையை விட்டாள். கூட்டத்தில் அவள் என் கையை விட்டது அதுதான் முதல் தடவை. "இந்தப் புள்ளய கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று பூக்காரம்மாவிடம் சொன்ன குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. படியில் இறங்கினாள். செருப்பை எங்கே கழற்றினாள் என்று தெரியவில்லை. நான் பூக்காரம்மாவின் பிடியிலிருந்து நழுவி அவள் பின்னாலேயே ஓடினேன். அம்மா கடைசிப் படியிலும் நிற்கவில்லை. புதுச் சேலையோடு, தலையில் பூவோடு, தை மாதத்துக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கி மூன்று தடவை தலை முங்கி எழுந்தாள்.

சாவுச் செய்தி காதில் விழுந்த இடத்திலேயே தலையோடு குளித்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. செய்தி சொல்ல ஆள் வர வேண்டியதில்லை, ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் மரு மட்டும்தான். அம்மா என் மருவுக்காகத்தான் குளிரில் நடுங்க முங்குகிறாள் என்று நினைத்தேன். பொய் மருவுக்காக!

அம்மா நீர் சொட்டச்சொட்டப் படியேறி வந்தாள். நேராக அந்த ஆளுக்குப் பின்னால் போய், தேங்காய் மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மடித்த சட்டையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நின்றாள். அவர் முடித்து, ஐயருக்குத் தட்சிணை கொடுத்து, எழுந்து, சட்டைக்காகக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

இரண்டு பேர் எங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"எப்பண்ணா?" என்றாள் அம்மா.

"பங்குனியில."

"ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க எல்லாம்..." அவர் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன தைக்கு வந்தாரும்மா. எள்ளு எறச்சிட்டு எழுந்து அந்தப் பூக்கடையையே பாத்துக்கினு நின்னாரு. போலாம்பான்னா, இருடா, வெயில் வரட்டும்னாரு. வெயில் வந்திச்சி. இன்னுங் கொஞ்சம் இருடான்னாரு. பத்து மணி வரிக்கும் நின்னோம். நீ வரல."

"பாப்பாவுக்கு அம்ம போட்டிருந்திச்சிண்ணா" என்றாள் அம்மா. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

அத்தனை வருடமும் அம்மா ஒளிந்து நின்று பார்ப்பதாக நினைத்திருந்தாள். கீழே இருந்தவர்களுக்கு அவள் வருகிறாள் என்று தெரியும். தாத்தா ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் வராத வருடத்தில்தான் பார்த்திருக்கிறார். இது எனக்கு இன்று புரிகிறது. அன்றைக்கு என் கவலையே வேறு. அம்மை போட்டவள் நான், பொய் மரு ஒட்டியவளும் நான். அம்மா அழுகிற அழுகைக்கு இரண்டு காரணமும் நானே என்று தெரிந்ததும் நானும் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவர் என்னைக் கவனித்தார். "மாமாடி" என்று அம்மா எனக்குச் சொன்னாள். மாமா அவளிடமிருந்து சட்டையை வாங்கினார். அவள் கையும் சேலையும் பட்டு அது பாதி நனைந்திருந்தது. அதை உதறிப் போட்டுக்கொண்டு, பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டே, "இவ ஏன் அழுவுறா?" என்றார்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மார்கழியிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவந்ததையே அவரிடமும் சொன்னாள். "கையில மரு. வெல்லம் கரைக்கணும்."

மாமா படியில் கூடை வைத்திருந்தவளிடம் ஒரு துண்டு வெல்லம் வாங்கினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினேன். பயப்படுகிறேன் என்று நினைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து மூடி, குளத்தில் அமுக்கினார். வெல்லம் கரைவதற்கு முன்னால் மரு கரைந்தது. கறுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

மாமா என் கையைத் தூக்கிப் பார்த்தார். தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்பைத் தேய்த்து, முகர்ந்தார். நிலத்தில் வேலை செய்கிற ஆள், அவருக்குத் தெரியாதா?

"வேப்பம் பிசினு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நெஜ மரு பொங்கலுக்கே உழுந்துட்டுது மாமா."

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "ஒரு நாள் வெரல்ல இருக்குது, ஒரு நாள் மணிக்கட்டுல இருக்குது. ஒரு நாள் எடது கைல இருந்திச்சி. நானும் கேக்கல."

மாமா அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். முதலில் மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவுக்கு. கண்ணில் தண்ணீர் வழிய, அத்தனை ஜனங்கள் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள் இறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று, அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். ஐயர் ஒருவர் திரும்பி முறைத்தார்.

மாமா எங்களை வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. அம்மாவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பூக்கடைவரை கூடவே வந்தார். எனக்குப் பெரிய அப்பளம் ஒன்று வாங்கித் தந்தார். கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "அடுத்த தை அமாவாசைக்கும் ஒரு மரு கொண்டா. இதவிடப் பெருசா இருக்கணும்" என்றார். நான் சரி என்றேன். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்த அழைப்பு அதுதான் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய மருவுக்குப் பிசின் போதுமா என்ற யோசனையிலேயே ரயில் ஏறினேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது நைனா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் எங்களை ஏற்றிவிட்டபோது போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை, மில் தூசியே இல்லாமல். பக்கத்தில் நாலைந்து டீக் கப்புகள். ஷிப்டு அதற்குள் எப்படி முடிந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவின் காய்ந்தும் காயாமலும் இருந்த சேலையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அப்பா போய்ட்டாரு" என்றாள் அம்மா. நைனா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அம்மா முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். நான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முங்கியது, சட்டையை எடுத்துக்கொண்டு நின்றது, மரு கரைந்தது, பிசின் என்று கண்டுபிடித்தது, அப்பளம் எவ்வளவு பெரியது என்பது. நைனா ஸ்டேஷன் படி இறங்கும்போது நின்றார்.

"அந்தச் சட்டைய அம்மா கையில இருந்து வாங்கினாரா?"

"ஆமா."

"வாங்கி, கையில வச்சிக்கினாரா? இல்ல, போட்டுக்கினாரா?"

இத்தனை சொல்லியும் இந்த மனிதர் ஒரு சட்டையைப் பற்றியா கேட்பார் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. "போட்டுக்கினாரு நைனா. ஈரமா இருந்திச்சி. அப்படியே போட்டுக்கினாரு."

நைனா பையைத் தரையில் வைத்தார். என்னைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணை, அத்தனை பேர் போய்வருகிற ஸ்டேஷன் வாசலில், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல. அவர் முகம் என் கழுத்தில் புதைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கழுத்தும் நனைந்தது. ஈரச் சட்டையைப் போட்டால் சளி பிடிக்குமே என்று, பார்த்தே இராத மாமாவுக்காக நைனா இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று நினைத்தேன்.

"அழாத நைனா" என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "நல்ல வெயிலு. ஊட்டுக்குப் போறதுக்குள்ள காஞ்சிருக்கும்."